தூவிவிட்டு வேலைக்குப் போகலாம்

நாற்று விட்டு, அதைப் பிடுங்கி வேறு இடத்தில் நட்டு, நிழல் கட்டி, நாலு நாள் வாடாமல் பார்த்துக்கொள்கிற வேலையெல்லாம் எனக்கு ஒத்துவராது. காலை எட்டரைக்குப் பஸ்ஸைப் பிடித்தால் வீடு திரும்ப ஆறரை ஆகிவிடும். அதனால் எங்கள் கொல்லைக்கு ஒரே சட்டம்தான்: விதையை நேரடியாக மண்ணில் ஊன்ற வேண்டும், முளைத்த இடத்திலேயே நின்று அது காய்க்கவோ பூக்கவோ வேண்டும். தக்காளி, கத்தரி, மிளகாய் மூன்றும் இந்தச் சட்டத்தில் அடிபட்டுப் போயின. அவற்றை ஆசைப்படுகிறவர்கள் நர்சரியில் நாற்றாகவே வாங்கி வைத்துக்கொள்ளலாம். கேரட், முட்டைக்கோஸ், பெட்டூனியா பக்கம் நான் போவதே இல்லை. அதெல்லாம் ஊட்டிக்காரர்கள் சமாசாரம். நாங்கள் இருப்பது திருச்சியில்.

கொல்லை என்று பெரிதாகச் சொன்னாலும் துணி காயப்போடும் கொடிக்கும் மதிலுக்கும் நடுவில் கிடக்கிற ஒரு துண்டு நிலம்தான். வீடு கட்டியபோது கொட்டிய ஜல்லியும் சிமெண்ட் கட்டிகளும் கீழே இன்னமும் இருக்கின்றன. அதனால் தரையைக் கொத்தாமல், செங்கல்லை அடுக்கி முக்கால் அடி உயரத்துக்குப் பாத்தி கட்டி, செம்மண்ணும் மக்கிய தொழு உரமும் தேங்காய் நார்க்கழிவும் கலந்து நிரப்பிவிட்டோம். மாடியில் சில குரோ பேக்குகளும் உண்டு. யோசனை சொல்ல வீட்டில் என் மாமியார் இருக்கிறார். அத்தைக்கு லால்குடிப் பக்கம், வயலோடு வளர்ந்தவர். நான் போனில் படித்துவிட்டுச் சொல்வதை எல்லாம் பாதி கேட்டுவிட்டு, "சரி சரி, இப்ப என்ன மாசம்?" என்றுதான் கேட்பார்.

அந்தக் கேள்விதான் முக்கியம். சுலபமாக வளரும் செடி எது என்று பட்டியல் போடுகிறவர்கள் மாதத்தைச் சொல்வதில்லை. அவரையை எடுத்துக்கொள்ளுங்கள். ஆடியில் ஊன்றினால் அதைப் போல நோகாமல் வளரும் கொடி வேறு கிடையாது. அதே விதையைத் தையில் ஊன்றினாலும் முளைக்கும், மதிலேறும், கரும்பச்சையாகத் தழைக்கும். பூ மட்டும் வராது. பந்தல் அவரை பகல் பொழுது சுருங்கினால்தான் பூக்கும். ஐப்பசிக்கு மேல் பூ எடுத்து, கார்த்திகை, மார்கழி, தை என்று கொத்துக் கொத்தாகக் காய்க்கும். "தையில அவரை போட்டா இலையத்தான் பறிச்சுத் திங்கணும்" என்பார் அத்தை. பந்தல் தேவைப்படாத குத்து அவரைக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை. எப்போது போட்டாலும் காய்க்கும். கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகம் அப்படிப்பட்ட ரகங்களை வெளியிட்டிருக்கிறது. விதை வாங்கும்போது பந்தலா குத்தா என்று கேட்டு வாங்குவது நல்லது.

ஆடிப்பட்டம் தேடி விதை என்பதற்கு எங்கள் ஊரில் கண்ணுக்குத் தெரிகிற காரணம் இருக்கிறது. கோடையின் உக்கிரம் தணிந்திருக்கும். அம்மியைப் பறக்கவைக்கும் காற்று அடித்தாலும் முளைகள் விரல் உயரத்தில்தான் இருக்கும், காற்று மேலோடு போய்விடும். செடி வேர் பிடித்து நிற்கிற சமயத்தில் ஐப்பசி மழை வரும். எங்களுக்குப் பெரிய மழை என்பது அந்த வடகிழக்குப் பருவமழைதான். அத்தை பதினெட்டாம் பெருக்கன்று முதல் விதையை ஊன்றுவார். அதாவது ஆகஸ்ட் 2 அல்லது 3. நான் அதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமையே ஆரம்பித்துவிடுவேன். இதில் எங்களுக்குள் சண்டை இல்லை. பெருக்கன்று ஊன்ற அவருக்கென்று ஒரு பாத்தியை விட்டுவைத்துவிடுவேன்.

முதல்முறை விதை போடுகிறவர்களுக்கு நான் கைகாட்டுவது வெண்டை. விதை பெரிது, கையில் பிடிக்க வருகிறது, முளைக்கப் பிகு பண்ணுவதில்லை. ராத்திரி தண்ணீரில் ஊறப்போட்டுக் காலையில் ஓர் அங்குலத்துக்குள் ஊன்றிவிட வேண்டும். செடிக்குச் செடி ஓரடியாவது இடைவெளி வேண்டும். ஒரு குழிக்கு இரண்டு விதை போட்டு, இரண்டும் வந்தால் மெலிந்ததைக் கிள்ளிவிடலாம். நாலைந்து நாளில் முளை தெரியும். முதலில் வருவது இலை இல்லை, வளைந்த கழுத்து. அப்புறம் தலையை நிமிர்த்தும், அப்போது சில முளைகளில் விதைத்தோல் தொப்பியாக ஒட்டியிருக்கும். அதை எடுத்துவிடக் கை பரபரக்கும். எடுக்கக்கூடாது, உள்ளே இருக்கும் வித்திலையும் சேர்ந்து பிய்ந்துவிடும். கொஞ்சம் தண்ணீர் தெளித்தால் தோல் ஊறித் தானே கழன்று விழும்.

ஒன்றரை மாதத்தில் பூ வந்துவிடும். காலையில் விரியும் மஞ்சள் பூ, நடுவில் கருஞ்சிவப்பு, சாயங்காலத்துக்குள் சுருங்கிவிடும். பூத்து ஐந்தாறு நாளில் காய் பறிக்கிற பதத்துக்கு வரும். நுனியை ஒடித்தால் டக்கென்று ஒடிய வேண்டும், வளைந்தால் முற்றிவிட்டது என்று அர்த்தம். ஒன்றுவிட்டு ஒருநாள் பறித்தே ஆக வேண்டும். முற்றிய காயைச் செடியிலேயே விட்டால் புதுப் பூ குறைந்துவிடும். எங்கள் மாதிரி நாலு பேர் உள்ள வீட்டுக்குப் பதினைந்து செடியாவது இருந்தால்தான் ஒரு பொரியலுக்குச் சேரும். இரண்டு தொட்டியில் இரண்டு செடி வைத்துவிட்டுச் சாம்பாருக்குக் காத்திருப்பவர்களைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும். வெண்டைச் சுணை கையில் பட்டால் அரிக்கும், கத்தரிக்கோலால் வெட்டிவிடுங்கள்.

வெண்டைக்கு ஒரே பெரிய எதிரி மஞ்சள் நரம்புத் தேமல். இலையில் நரம்பெல்லாம் மஞ்சளாகி வலை பின்னினாற்போலத் தெரியும். வெள்ளை ஈ பரப்புகிற வைரஸ் அது, மருந்து கிடையாது. ஒரு செடியில் பார்த்ததும் வேரோடு பிடுங்கி எறிந்தால் மற்றவை தப்பிக்க வாய்ப்புண்டு. மஞ்சள் அட்டையில் விளக்கெண்ணெய் தடவிப் பாத்திக்கு நடுவில் நட்டுவைத்தால் ஈக்கள் ஒட்டிக்கொள்ளும். வெயில் காலத்தில் இந்தத் தொல்லை அதிகம். அப்போது போடுவதாக இருந்தால் இந்த நோயைத் தாங்குவதற்கென்றே பெங்களூர் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட அர்கா அனாமிகா போன்ற ரகத்தைக் கேட்டு வாங்கலாம்.

சித்திரை வெயிலில் மற்றதெல்லாம் சுருண்டாலும் கொத்தவரை நிற்கும். அதற்குத் தனியாக ஒரு பத்தி எழுத எதுவும் இல்லை என்பதுதான் அதன் பெருமை. ஊன்றினால் வரும், காய்க்கும். தட்டைப்பயறும் அப்படித்தான்.

கீரையை எல்லோரும் சுலபம் என்பார்கள். வளர்ப்பது சுலபம்தான், முளைக்கவைப்பதில்தான் சூட்சுமம். அரைக்கீரை விதை கறுப்பாக, மினுமினுப்பாக, விரலில் ஒட்டினால் உதறினாலும் விழாத அளவுக்குச் சிறியது. அப்படியே தூவினால் ஓரிடத்தில் குவியும், இன்னோரிடம் காலியாகக் கிடக்கும். ஒரு டீஸ்பூன் விதைக்கு இரண்டு கைப்பிடி காய்ந்த மணல் கலந்து தூவினால் பரவலாக விழும். ஆழமாகப் புதைக்கக்கூடாது. உள்ளங்கையால் மண்ணை லேசாகத் தடவிவிட்டு, மேலே மண்புழு உரத்தை மெல்லிசாகத் தூவினால் போதும். குழாயைத் திறந்து அடித்தால் விதையெல்லாம் ஒரு மூலைக்கு ஓடிவிடும், பூவாளிதான் சரி. பகலில் வீட்டில் ஆள் இல்லாதவர்கள் பாத்தியின் மேல் ஈரச் சாக்கைப் போட்டு மூடிவிட்டுப் போகலாம். மூன்றாம் நாளிலிருந்து சாக்கைத் தூக்கிப் பார்க்க வேண்டும். முளை தெரிந்த அன்றைக்கே எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் வெளிறி நீண்டு சாய்ந்துவிடும்.

எறும்பு இன்னொரு கதை. தூவிய ஒரு மணி நேரத்தில் வரிசை கட்டி வந்து விதையைத் தூக்கிக்கொண்டு போகும். "விதை மொளைக்கவே இல்ல" என்று சொல்கிற பாதிப் பேருக்கு விதை மண்ணிலேயே இல்லை. அத்தையின் வழி எளிது: பாத்தியின் ஓரத்தில் நொய்யையோ ரவையையோ தூவிவிடுவார். எறும்புக்கு அதுவே பெரிய விருந்து. அதைச் சுமந்து முடிப்பதற்குள் கீரை முளைத்துவிடும். மணலோடு அடுப்புச் சாம்பல் கலந்து தூவுகிறவர்களும் உண்டு. எங்கள் வீட்டில் சாம்பலுக்கு எங்கே போவது, கேஸ் அடுப்புதான்.

சிறுகீரை மூன்று, மூன்றரை வாரத்தில் வேரோடு பிடுங்கிவிடுகிற கீரை. அரைக்கீரையை இரண்டு விரற்கடை விட்டு அறுத்தால் திரும்பத் திரும்பத் தழையும். அறுத்ததும் கொஞ்சம் மண்புழு உரம், தண்ணீர், அவ்வளவுதான். நெருக்கமாக முளைத்ததைக் கலைத்துவிடத்தான் வேண்டும், ஆனால் கலைத்தது வீணாகாது, பருப்போடு போய்ச் சேரும். விதைக்காமலே நடுநடுவே பருப்புக்கீரையும் முளைக்கும். அதைக் களை என்று பிடுங்கிப் போட்டு அத்தையிடம் மாட்டிக்கொள்ளாதீர்கள்.

அஞ்சறைப்பெட்டியையும் விடக்கூடாது. வெந்தயம் மூன்று நாளில் முளைக்கும், சின்ன இலையாகவே பறித்துச் சப்பாத்தி மாவில் போடலாம். கொத்தமல்லி விதையைச் சப்பாத்திக் கட்டையால் லேசாக உருட்டி இரண்டாக உடைத்துப் போட வேண்டும். ஒரு உருண்டைக்குள் இருப்பது இரண்டு விதை. முளைக்கப் பத்து நாள் ஆகும், பொறுமை வேண்டும். கடும் வெயிலில் கொத்தமல்லி சீக்கிரமே பூவெடுத்துவிடும் என்பதால் கார்த்திகை, மார்கழியில் போடுவதே லாபம்.

கொடிக்காய்களில் எனக்குப் பிடித்தது புடலை. விதையின் தோல் தடிமன். நகவெட்டியால் ஓரத்தை லேசாக வெட்டி, ஓரிரவு ஊறவைத்து ஊன்றினால் நாள் கணக்கில் சீக்கிரம் வரும். பாகலுக்கும் பீர்க்கனுக்கும் இதே வைத்தியம். மாடிப்படிக் கைப்பிடியில் நைலான் வலையைக் கட்டிவிட்டிருக்கிறேன், கொடி தானே ஏறிக்கொள்ளும். இந்தக் குடும்பத்தில் முதலில் வருவதெல்லாம் ஆண்பூ. "பூத்துப் பூத்துக் கொட்டுது, ஒண்ணும் பிடிக்கல" என்று பதறுகிறவர்கள் ஒரு வாரம், பத்து நாள் பொறுத்தால் பெண்பூ வரும். பூவுக்கு அடியிலேயே குட்டிக் காய் இருப்பதை வைத்து அடையாளம் தெரிந்துவிடும்.

புடலம்பூ பொழுது சாய்ந்த பிறகு விரிகிற பூ. வெள்ளை இதழ் ஒவ்வொன்றின் ஓரமும் நூல் நூலாகப் பிரிந்து, இருட்டில் சுருள் அவிழ்வதை நின்று பார்க்கலாம். ராத்திரியில் பறக்கும் அந்துப்பூச்சிகள்தான் மகரந்தத்தைக் கொண்டுசேர்க்க வேண்டும். டவுனில் அதற்குப் பஞ்சம். அதனால் ஆபீஸிலிருந்து வந்து காபி குடித்துவிட்டு, டார்ச்சோடு போய் ஓர் ஆண்பூவைப் பறித்து, இதழை நீக்கிவிட்டுப் பெண்பூவின் நடுவில் இரண்டு தடவு தடவிவிடுவேன். மறுநாளே பிஞ்சு தலைகீழாகத் தொங்கிப் பருக்க ஆரம்பிக்கும். சுரைக்கும் பீர்க்கனுக்கும் இதே சாயங்கால நேரம்தான். பாகலும் பூசணியும் விடிகாலையில் விரியும், வேலைக்குப் போகிறவர்களுக்கு அது கஷ்டம். ஆனால் பாகலுக்குத் தேனீயும் சின்ன வண்டுகளும் பகலில் வந்துவிடுகின்றன. புடலம்பிஞ்சு சுருள ஆரம்பித்தால் நுனியில் ஒரு சின்னக் கல்லைச் சணல் கயிற்றில் கட்டித் தொங்கவிட வேண்டும். நேராக இறங்கும்.

பழ ஈதான் இங்கே வில்லன். பிஞ்சிலேயே குத்தி முட்டையிட்டுவிடும், காய் ஒருபக்கம் கோணி அழுகும். பிஞ்சு விரல் நீளம் வந்ததும் செய்தித்தாளைச் சுற்றி நூலால் கட்டிவிட்டால் பாதிக்குமேல் தப்பிவிடும். அழுகி விழுந்ததைச் செடியடியில் விடவே கூடாது. பிளாஸ்டிக் பையில் போட்டு இறுகக் கட்டி வெயிலில் வைத்துவிட்டு அப்புறம் குப்பையில் போடுங்கள். இன்னொன்றும் சொல்ல வேண்டும். வீட்டில் விளைந்த சுரைக்காயாக இருந்தாலும் நறுக்கும்போது ஒரு சின்னத் துண்டை நுனிநாக்கில் வைத்துப் பாருங்கள். கசந்தால் துப்பிவிட்டு முழுக் காயையும் தூக்கிப்போடுங்கள். சுரைக்காய்க் கசப்பு விஷம், ஆஸ்பத்திரி வரைக்கும் கொண்டுபோய்விடும். காயை வீணாக்குவானேன் என்கிற சிக்கனமெல்லாம் அங்கே செல்லாது.

இப்போது பூ. செண்டுமல்லி இல்லாமல் ஆயுத பூஜை இல்லை, அதனால் ஆடிக் கடைசிக்குள் தூவிவிடுவேன். இரண்டு, இரண்டரை மாதத்தில் பூத்துவிடும். செடி ஒரு மாதத்துப் பிள்ளையாக இருக்கும்போது நடுக்கொழுந்தைக் கிள்ளிவிட வேண்டும். கிள்ள மனசு வராது, ஆனால் கிள்ளினால்தான் பக்கக் கிளை வெடித்துச் செடி புதராகும். சாமி படத்துக்குப் போட்ட பூவைக் காயவைத்தாலே விதைதான்: உள்ளே மெலிந்த நீள விதைகள், ஒரு முனை கறுப்பு, மறுமுனையில் வெளிறிய முடிகள். கடையில் வாங்கிய பூ பெரும்பாலும் ஹைப்ரிட் என்பதால் அதிலிருந்து வருகிற செடியில் ஒற்றை அடுக்குப் பூவும் சிறுத்த பூவும் கலந்து வரும். மாலைக்கு உதவாது, கொல்லைக்குத் தாராளமாக உதவும். செண்டுமல்லி வேர் மண்ணிலுள்ள நூற்புழுக்களை மட்டுப்படுத்தும் என்பதால் காய்கறிப் பாத்தி ஓரத்தில் அதற்கு இடம் கொடுப்பது இரட்டை லாபம்.

வாடாமல்லி வெயிலுக்கு அஞ்சாது. காய்ந்த பூவைக் கசக்கினால் பஞ்சு சுற்றிய விதைகள் வரும், பஞ்சோடே தூவலாம். கோழிக்கொண்டையில் கொண்டையின் அடிப்பக்கம், தண்டோடு சேருகிற இடத்தில், பளபளக்கும் பொடி விதை இருக்கும். காகிதத்தின் மேல் பிடித்துத் தட்டினால் கொட்டும். ஆரஞ்சு நிறக் காஸ்மாஸை ஒரு தடவை போட்டால் அப்புறம் அது எங்கே வரும் என்று முடிவு செய்வது நீங்கள் இல்லை. சங்குப்பூவுக்கு ஓரிரவு ஊறல் வேண்டும், வேலியில் ஏற்றிவிட்டால் வருஷம் முழுக்கப் பூக்கும்.

காசித்தும்பைதான் பிள்ளைகளுக்குப் பிடிக்கும். மழைக்காலத்துச் செடி, சதைப்பற்றான தண்டு, மென்மையான பச்சைக் காய். முற்றிய காயை விரல் தொட்டால் போதும், படாரென்று வெடித்து, தோல் உள்பக்கமாகச் சுருண்டுகொள்ளும். விதை நாலாபக்கமும் தெறிக்கும். விதை சேர்க்க வேண்டுமென்றால் வெடிக்குமுன் காயைக் கைக்குள் பொத்திக்கொண்டு அழுத்த வேண்டும். என் மகன் சேர்ப்பதைவிட வெடிப்பதுதான் அதிகம். அதனால் அடுத்த மழைக்குக் கொல்லை முழுக்கக் காசித்தும்பை. அந்திமந்தாரையும் இதேபோல விழுந்து முளைக்கிற ஜாதிதான். ஆனால் அதன் விதை மிளகு மாதிரியே இருக்கும். அது நஞ்சு, சின்னக் குழந்தைகள் உள்ள வீட்டில் கவனம்.

விதை வாங்கும்போது பாக்கெட்டின் படத்தைப் பார்க்காதீர்கள், பின்பக்கத்தைப் பாருங்கள். பரிசோதனை செய்த தேதி, முளைப்புத்திறன், காலாவதி எல்லாம் அச்சிட்டிருக்க வேண்டும். அரசுத் துறை சோதித்துச் சான்று கொடுத்த சான்று விதைக்கு நீல அட்டையும், விற்கிறவரே தரத்துக்குப் பொறுப்பேற்கும் உண்மைநிலை விதைக்கு இளம்பச்சை அட்டையும் இருக்கும். பரிசோதித்த நாளிலிருந்து ஒன்பது மாதம்தான் பொதுவான கெடு. வெண்டைக்குக் குறைந்தபட்ச முளைப்புத்திறன் 65 சதவீதம் என்றால், நூறு போட்டு முப்பத்தைந்து வராமல் போனாலும் அது தரமான விதைதான். ரோஸ் கலரிலோ பச்சை கலரிலோ சாயம் பூசியிருந்தால் பூஞ்சைக் கொல்லி தடவியது. கையைக் கழுவ மறக்காதீர்கள். எஃப்1 என்று போட்டிருந்தால் அது இரண்டு ரகங்களைக் கலந்து எடுத்த முதல் தலைமுறை ஹைப்ரிட், அந்தச் செடியிலிருந்து விதை எடுத்து வைப்பதில் பயனில்லை. அடுத்த தலைமுறை தாய் மாதிரி வராது.

பழைய விதை நல்லதா என்று சந்தேகம் வந்தால் பத்து விதையை ஈரத்துணியில் சுற்றி ஒரு டப்பாவில் வைத்துவிடுங்கள். ஒரு வாரத்தில் ஆறேழு முளை கட்டினால் போடலாம். மூன்று நாலுதான் என்றால் இரண்டு மடங்காகப் போட வேண்டும், அதற்கும் கீழே என்றால் கோழிக்குக்கூட வேண்டாம், குப்பைக்குழிக்குத்தான்.

நாட்டு ரகமாக இருந்தால் விதைக்கென்று ஒரு செடியை மொத்தமாக ஒதுக்கிவிடுவது எங்கள் வழக்கம். நல்லாக் காய்க்கிற திடமான செடியைப் பார்த்து அத்தை ஒரு சிவப்புத் துணியைக் கட்டிவிடுவார். அதில் யாரும் கை வைக்கக்கூடாது. வெண்டைக்காய் செடியிலேயே காய்ந்து, முகடு முகடாக வெடிக்கத் தொடங்கும்போது பறிக்க வேண்டும். பீர்க்கன் முழுதாகக் காய்ந்து, குலுக்கினால் உள்ளே சலசலக்க வேண்டும். புடலைப் பழம் செக்கச் சிவந்து பிளக்கும், சிவப்புச் சதையைக் கழுவிவிட்டு விதையை நிழலில் உலர்த்த வேண்டும். அந்தக் காலத்தில் பூசணி, பீர்க்கன் விதைகளைச் சாணியில் பதித்துச் சுவரில் வட்டமாக அப்பி வைப்பார்கள், பட்டம் வந்ததும் உதிர்த்து ஊன்றுவார்கள் என்று அத்தை சொல்வார். எங்கள் பெயிண்ட் அடித்த சுவருக்கு அது சரிப்படாது. ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு, கொஞ்சம் வசம்புப் பொடி தூவி, மூடியில் பெயரும் மாதமும் எழுதி அலமாரியின் கீழ்த்தட்டில் வைக்கிறோம். பெயர் எழுதுவது கட்டாயம். புடலை விதையும் பாகல் விதையும் பார்த்ததும் தெரியும், ஆனால் சிறுகீரையையும் அரைக்கீரையையும் பாட்டிலுக்குள் வைத்துப் பிரித்துச் சொல்ல அத்தையாலும் முடியாது.